கட்டை மாறிய பாட்டு

பிள்ளையைப் பள்ளிக்குள் அனுப்பிவிட்ட பிறகும் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்போமே, அந்த நிற்பு என் வயதுத் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மணி அடித்துவிட்டது, உள்ளே போய்விட்டாள், இனி நம் வேலையைப் பார்க்கலாம். ஆனாலும் டீச்சர் அவளை எந்தக் குரலில் கூப்பிடுகிறார் என்று நம் காது உள்ளேயே இருக்கும். அதட்டலாகவா, கொஞ்சலாகவா, இரண்டுமில்லாத சலிப்பாகவா? சொல் கேட்காவிட்டாலும் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். வீட்டுக்கு வந்தபின், நான்தான் தேவையில்லாமல் பதறுகிறேனோ என்று அந்த முடிவையும் சந்தேகப்படுவோம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், மகளின் பள்ளிக்குப் போகும் வழியில் வேறொரு பழைய பள்ளி இருக்கிறது. முன்புறம் ஓடு வேய்ந்த நீளமான கூடம். அதைக் கடக்கும்போதெல்லாம் ராஜபாளையத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் நினைவுக்கு வரும். அந்த ஒரு வருடம்தான் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். அதுவும் முழு வருடம் இல்லை. ஜூனில் வந்தவள் பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் போய்விட்டாள்.

தங்கை என்றால் உடன்பிறந்தவள் அல்ல, சின்னத்தா மகள். எங்களில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் தம்பி சின்னத்தா. அவர் இளவயதிலேயே துணி வியாபாரத்துக்கென்று பாங்காக் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். சின்னத்தா சரக்கோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்பதால் பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் தாயின் பேச்சுதான். "பத்து வயசாகப் போவுது, தமிழ்ல நாலு வார்த்தை வரலை. கொஞ்ச வருசம் ஊர்ல படிக்கட்டும்" என்று கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். என்னைவிடச் சில மாதங்களே இளையவள். என்னோடு ஐந்தாம் வகுப்பில் உட்காருவாள் என்று நான் பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் பை போட்டு வைத்திருந்தேன்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று நானும் உடன் இருந்தேன். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். கனத்த, சற்றே கரகரத்த குரல் அவருக்கு.

"உன் பேரு என்ன?"

தங்கை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "உன் பேரு என்ன?"

திருப்பிச் சொன்னதுகூடப் பெரிதில்லை. அந்தக் கனம், அந்தக் கரகரப்பு, 'பேரு'வில் ஏறி 'என்ன'வில் இறங்குகிற வளைவு, எல்லாம் அச்சாக வந்தன. அறையில் இருந்த இரண்டு டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாருகிட்ட பழிப்புக் காட்டுத?"

"யாருகிட்ட பழிப்புக் காட்டுத?" என்றாள் தங்கை, கோபம் கொஞ்சமும் குறையாமல்.

அத்தாவுக்கு வியர்த்துவிட்டது. "டீச்சர், பிள்ளைக்குப் பாஷை தெரியாது. சொல்லச் சொல்லுதீங்கன்னு நெனச்சுச் சொல்லுதா."

"பாஷை தெரியாத பிள்ளையா இம்புட்டு நடிப்பு நடிக்கும்? தமிழ் ஒழுங்கா வார வரைக்கும் ரெண்டாப்புல உக்காரட்டும். வந்த பொறவு அஞ்சாப்புக்கு மாத்துதேன். இன்னொண்ணு, வீட்டுல அந்தப் பாஷையைப் பேசவிடாதீங்க. தமிழ் வராது."

இப்படித்தான் பத்து வயதுப் பெண் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அங்கே பெஞ்சுகள் குட்டையானவை. முழங்கால் மேசையில் இடிக்கும் என்பதால் ஒருக்களித்து உட்காருவாள். சுற்றிலும் பல் விழுந்த பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்வாள். தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அவள் எப்போது அஞ்சாப்புக்கு வருவாள் என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. பாங்காக்குக்கு இதைச் சொல்ல அத்தாவுக்கு மனசு வரவில்லை. "நல்லாப் படிக்கா, நல்லாப் படிக்கா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் போன் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்துக்கு வரும். முதலில் அவள் தாய், எங்கள் சின்னம்மா, மகளோடு பேசுவார். பெரிய டீச்சர் சொன்னதிலிருந்து அத்தா பக்கத்தில் நின்று, "தமிழ்ல பேசும்மா, தமிழ்ல" என்பார். தங்கைக்குத் தெரிந்த தமிழ் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாப்பிட்டேன், தூங்கினேன், மழை இல்லை. பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நிற்பாள். அந்தப் பக்கத்திலும் ஒருவர் அப்படித்தான் நின்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், பேச ஒன்றுமில்லாதவள் எதற்காக ரிசீவரை வைக்க மறுக்கிறாள் என்பதுதான்.

அவள் தமிழ் கற்றுக்கொண்ட விதம் வேடிக்கையானது. எந்தச் சொல்லை யாரிடமிருந்து முதலில் பிடித்தாளோ அந்தச் சொல் அவரவர் குரலோடு அவளிடம் தங்கிவிட்டது. 'யாரு' என்ற சொல்லை, அடுப்படியில் இருந்தபடி வாசலைப் பார்த்து அம்மா போடும் கத்தலில் இருந்து பிடித்தாள். அதனால் அருகில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாலும் அதே கத்தல்தான். 'வேணாம்' அத்தாவுடையது. கடைக்கு வரும் வசூல்காரர்களிடம் அத்தா சொல்லும் வேணாம். அம்மா ஆசையாக இன்னொரு தோசையைத் தட்டில் போட வரும்போது அந்த 'வேணாம்' வந்து விழும். அம்மா கையை இழுத்துக்கொள்வார்.

"எப்பா, அத்தா வீட்டு அதட்டல் அப்படியே இருக்கு இவகிட்ட" என்று சிரிப்பார்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டு அத்தை ஒருநாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்க வந்தார். தங்கை அவரை உட்காரச் சொன்னாள். அது அந்த அத்தையே எங்களை உட்காரச் சொல்லும் ராகம்.

"ஏட்டி, என்னையும் விட்டுவைக்கலையா நீ! இவள சர்க்கஸ்ல விட்டா ராஜபாளையத்துக்கே சோறு போடுவா!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று எனக்கும் தெரியாதுதான். கொஞ்சமாவது புரிய ஆரம்பித்தது மொட்டைமாடியில். வீட்டுக்குள் தடை செய்யப்பட்ட பேச்சு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் எங்கள் இருவருக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது. அனுமதித்தது நாங்களேதான். மேற்கே அய்யனார் கோவில் பக்கத்து மலை நீலமாகத் தெரியும். அதைக் காட்டி, "க்லை" என்றாள். கையை நீட்டி நீட்டிக் காட்டியதில் 'தூரம்' என்று புரிந்தது. பிறகு தொட்டியைத் தொட்டு, 'பக்கம்' என்று காட்டி, மறுபடியும் "க்லை" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. நான் மலையைக் காட்டிச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். மலை நம் பக்கத்தில் வந்து நிற்கிறதாம். என் தாடையைப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்து, இது பக்கம், என்றாள். தாடையை அசையாமல் பிடித்து, இது தூரம். அன்று மாலை முழுக்க என் தாடை வலித்ததே தவிர மலை அதன் இடத்துக்குப் போகவில்லை.

இதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் மகள் ஒரு நாளைக்கு எத்தனை விதமாக 'அம்மா' என்கிறாள். பசியில் ஒன்று, பயத்தில் ஒன்று, நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று. குரல் எங்கே ஏறினாலும் இறங்கினாலும் அம்மா நான்தான். நம் பேச்சில் குரலின் உயரம் மனநிலையைச் சொல்லும், சொல்லின் பொருளைத் தொடாது. அதனால் தொட்டில் பருவத்திலேயே நாம் ஒரு காரியத்தைப் பழகிவிடுகிறோம்: உயரத்தை உதறிவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது. அத்தா அதட்டிச் சொன்ன 'வேணாம்' வேறு, அம்மா கெஞ்சிச் சொன்ன 'வேணாம்' வேறு என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அவளுடைய தாய்ப் பேச்சிலோ உயரத்தை உதறினால் சொல்லே போய்விடும். எங்கள் கோபத்தையும் சலிப்பையும் அவள் சொல்லின் பகுதியாக நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அதைத்தான் நாங்கள் பழிப்பு என்றோம்.

பின்னால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அப்படிப்பட்ட மொழிகளில் பிறந்து, சிறுவயதிலேயே பாட்டோ வாத்தியமோ பழகும் பிள்ளைகளில் சிலருக்கு, ஒரு ஒலி எந்தப் படியில் நிற்கிறது என்று வேறெதனோடும் ஒப்பிடாமல் சொல்லும் காது கூடுதலாக வாய்க்கிறதாம். எல்லோருக்கும் இல்லை. தமிழ் பேசுகிறவர்களிலும் அரிதாக உண்டாம். தங்கைக்கு இருந்தது அதுதானா என்று உறுதியாகச் சொல்ல நான் யார்? பிள்ளைகளைப் பற்றிய எதையும் உறுதியாகச் சொல்கிற தைரியம் எனக்கு இப்போது குறைந்துகொண்டே வருகிறது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மில்களின் சங்கு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதும். எது எந்த மில் என்று பெரியவர்கள் நேரத்தையும் திசையையும் வைத்துச் சொல்வார்கள். தங்கைக்கு இரண்டும் தேவைப்படவில்லை. காய்கறிக் கடைக்குக் கூட்டிப் போனபோது, கடைக்காரர் தராசுத் தட்டு கல்லில் மோதியதும் நின்றுவிட்டாள். ஸ்டேஷன் பக்கத்து மில்லின் சங்கு அது என்று எனக்குக் கையால் காட்டினாள். அன்று மாலை வீட்டில் இருந்த எவர்சில்வர் தம்ளர்களை வரிசையாக வைத்து, அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். நசுங்கினது, அத்தாவுடையது, பெயர் வெட்டினது என்று ஒன்றுகூடத் தவறாமல் சொன்னாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, இவ திரும்பி உக்காந்துகிட்டே எந்தத் தம்ளர்னு சொல்லுதா!"

"அதான் எல்லாத் தம்ளரும் சொட்டை சொட்டையா இருக்கா? வை கீழ. ஏட்டி, ரெண்டு பேருக்கும் வேற வேலையில்ல?"

அதோடு அந்தப் பரிசோதனை முடிந்தது.

மழைக்காலத்தில்தான் வழி ஒன்று திறந்தது. பாட்டு டீச்சருக்கு ஒல்லியான உடம்பு, எப்போதும் அவசரம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மகிழ்ச்சி வந்தால் இரண்டும் கலந்து வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் பள்ளிகளுக்கான குழுப்பாட்டுப் போட்டிக்காக அவரே ஒரு மழைப்பாட்டு கட்டியிருந்தார். நானும் அந்தக் குழுவில் ஒருத்தி, இரண்டாம் வரிசை. பயிற்சி நடந்த அறை இரண்டாம் வகுப்புக்கு அடுத்த அறை. ஒருநாள் இடைவேளையில், ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாட்டின் தொகையறாவைப் பாடினார்கள். தாளம் சேர்வதற்கு முன்னால் ஒருவர் தனியாக இழுத்துப் பாடும் தொடக்க வரி அது.

டீச்சர் தம்ளரை வைத்துவிட்டு ஆர்மோனியத்தைத் திறந்து அஞ்சாம் கட்டையை அழுத்தினார். எங்கள் ஊரில் பாடுகிறவர்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அஞ்சு. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் அதிலேயே நின்றது. மறுநாள் காலை, ஆர்மோனியத்தைத் தொடுவதற்கு முன்பே தங்கையைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். முடித்ததும் கட்டையை அழுத்திப் பார்த்தார். மயிரிழை விலகவில்லை.

"பாகுந்தி! பாகுந்தி! எங்கடி ஒளிஞ்சிருந்த நீ?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். அப்போதே எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனார்.

"தமிழ் வரலைன்னு ரெண்டாப்புல போட்டிருக்கீங்க. இந்தாங்க, எழுத்து பிசகாம பாடுதா. மேடையில தனியா தொகையறா பாடிட்டா அஞ்சாப்புக்கு மாத்துவீங்களா?"

பெரிய டீச்சர் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க வந்து என்னைய மாதிரிப் பாட மாட்டாள்ல?"

"டீச்சர்!"

"சரி. நானும் அங்க வாரேன். என் முன்னால நின்னு ஒழுங்காப் பாடட்டும். பொங்கல் முடிஞ்சு திறக்கும்போது அஞ்சாப்புல உக்காரட்டும்."

அன்று வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. தங்கைக்கு விஷயத்தை விளக்க எனக்கு நெடுநேரம் ஆனது. பாட்டு, கைதட்டல், பிறகு என் பக்கத்து இடம். புரிந்ததும், அவள் அந்தப் பாட்டைக் குளிக்கும்போது பாடினாள், பாய் விரிக்கும்போது பாடினாள். எப்போது தொடங்கினாலும் ஒரே இடத்தில் தொடங்கினாள். நாங்களோ ஆர்மோனியம் இல்லாவிட்டால் நினைத்த இடத்தில் தொடங்குவோம், அதே பாட்டுதானே என்று போய்க்கொண்டே இருப்போம். கூடப் பாட முயன்றால் அவள் நிறுத்திவிடுவாள். அதை நாங்கள் கர்வம் என்று நினைத்தோம்.

போட்டி பொங்கலுக்கு முந்தின வாரம். காலையில் நல்ல பனி. பஸ்ஸில் முட்டிக்கொண்டு உட்கார்ந்து, மஃப்ளர் கட்டி, பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு போனோம். அத்தாவும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடங்களைப் பாட எட்டாம் வகுப்பு அக்கா ஒருவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது அந்த அக்கா டீச்சரின் தோளைத் தொட்டார்.

"டீச்சர், தொண்டை கட்டிருச்சு. மேல போகாது."

"நேத்து ஐஸ் தின்னியாடி?"

"ஒரே ஒரு குச்சி ஐஸ் டீச்சர்."

"ஒரே ஒரு குச்சி! என் குழுவையே குச்சியில சொருகிட்டியேடி!"

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல. நாலு கட்டைக்கு இறக்கிருவோம். யாரும் பயப்படாதீங்க, அதே பாட்டுதான்" என்றார். கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒருமுறை மெதுவாகப் பாடிப் பார்த்தோம். தொகையறாவை விட்டுவிட்டு அக்கா பாடும் இடத்தை மட்டும். எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தங்கை வாயைத் திறக்காமல் நின்றது எனக்குத் தெரிந்தது. மேடை பயம் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் அவள் எங்களுக்கு முன்னால் தனியாக நின்றாள். முதல் வரிசையில் பெரிய டீச்சர், அவருக்குப் பின்னால் அத்தா. பாட்டு டீச்சர் நாலு கட்டையில் சுருதி பிடித்தார். தங்கை தொடங்கவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டினார். தங்கை இல்லை என்பதுபோல் தலையை அசைத்தாள். கூடத்தில் இரண்டு பேர் இருமினார்கள்.

"பாடு" என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து. இத்தனை நாளும் வைத்துக் காத்த அந்த அஞ்சு கட்டையிலிருந்து. கீழே ஆர்மோனியம் நாலில் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டும் உரசிய ஓசை என் பல்லில் கூசியது. டீச்சர் துருத்தியை வேகமாக இழுத்துச் சத்தத்தைக் கூட்டினார். "சுருதியைக் கேளுடி!" என்றார். தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இன்னும் உறுதியாகப் பாடினாள். தொகையறா முடிந்ததும் நாங்கள் பழக்கப்படி ஆர்மோனியத்தோடு சேர்ந்துகொண்டோம். அவள் நின்றுவிட்டாள். மீதிப் பாட்டு முழுவதும் எங்கள் முன்னால் காதைப் பொத்தியபடி நின்றாள்.

நடுவர்களில் ஒருவர் மைக்கில் சொன்னார்: "முதல்ல பாடின பாப்பா, சுருதின்னா என்னன்னு டீச்சர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

மேடைக்குப் பின்னால் தங்கை என்னிடம் சொன்னாள், "இது வேற பாட்டு."

"அதே பாட்டுதான்டி!"

"வேற பாட்டு" என்றாள் மறுபடியும். கண் நிறைந்திருந்தது.

பஸ் ஏறினோம். பிறகு பெரிய டீச்சர் முன் சீட்டிலிருந்து திரும்பி அத்தாவிடம் சொன்னார், திட்டாமல், நிஜமான கவலையோடு: "பாய், பிள்ளைக்குக் காது சரியாக் கேக்குதான்னு பாருங்க. பக்கத்துல ஆர்மோனியம் கத்துது, அதுகூட விழல. நான் எப்படி அஞ்சாப்புல போட முடியும்?" பாட்டு டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்ல குரல். ஆனா ஞானம் இல்ல பாய்" என்று மட்டும் சொன்னார்.

அத்தா மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் அவள் காதில் விளக்கடித்துப் பார்த்தார், பின்னால் நின்று கிசுகிசுத்துப் பார்த்தார், காதருகே ஏதோ தட்டிப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். "பொறவு எதுக்கு இவ இப்புடிப் பண்ணுதா?" என்று அத்தா வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். மோசமான மனிதர் இல்லை என் அத்தா. பெரிய டீச்சரும் இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தால் அதே டாக்டரிடம் அதே வேகத்தில் ஓடியிருப்பேன் என்பதுதான் இப்போது என்னைத் தொந்தரவு செய்கிறது.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தது. தங்கை குட்டை பெஞ்சுக்கே போனாள். அந்த வெள்ளிக்கிழமை போனில் அவள் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. அத்தா "தமிழ்ல, தமிழ்ல" என்று சொல்லச் சொல்ல, அவளுடைய பேச்சில் ஒரே மூச்சில் என்னவோ சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டாள். சின்னத்தாவும் சின்னம்மாவும் அடுத்த வாரமே வந்து இறங்கினார்கள். சின்னம்மாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குள்ளமான உருவம், வெள்ளை முக்காடு, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பும் பழக்கம். வந்ததும் டீகூடக் குடிக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்றார். அன்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்த என்னை, வகுப்பைக் காட்டச் சின்னத்தாவோடும் அவரோடும் அனுப்பினார்கள்.

இரண்டாம் வகுப்பு வாசலில் சின்னம்மா நின்றுவிட்டார். பல் விழுந்த பிள்ளைகளுக்கு நடுவே மகள் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தக் குட்டை பெஞ்சிலேயே அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, ஏதோ ஒன்று கேட்டார்.

தங்கை பேச ஆரம்பித்தாள். அவள் அப்படிப் பேசுவாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. குரல் ஏறியது, வழுக்கியது, ஒரே உயரத்தில் நின்றது, சட்டென்று விழுந்தது. கையை ஆட்டினாள், ஆர்மோனியம் இழுப்பதுபோல் செய்தாள், காதைப் பொத்திக் காட்டினாள். சின்னம்மா நடுநடுவே கேள்வி கேட்டார். இரண்டாம் வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் வந்தார், அடுத்த அறையிலிருந்து பாட்டு டீச்சரும் வந்து வாசலில் நின்றார்.

"என்ன சொல்லுதா?" என்று பெரிய டீச்சர் சின்னத்தாவிடம் கேட்டார்.

சின்னத்தா தயங்கினார். "போட்டியப் பத்திச் சொல்லுதா டீச்சர். இவ பாட்டைச் சரியா வச்சிருந்தாளாம். அன்னைக்கு மட்டும் எல்லாரும் வேற பாட்டுப் பாடிட்டீங்களாம். ஏன் மாத்துனீங்கன்னு அவகிட்ட யாரும் சொல்லலையாம்."

"நாங்க எங்க மாத்துனோம்? அதே பாட்டுதானே?" பெரிய டீச்சர் பாட்டு டீச்சரைப் பார்த்தார்.

பாட்டு டீச்சர் முகத்தில் என்னவோ நடந்தது. உதட்டை அசைத்து அசைத்து எதையோ கூட்டிப் பார்க்கிறவர் போல இருந்தார். "கட்டையை இறக்கினேன்" என்றார் மெல்ல.

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். எப்பவும் செய்றதுதான். நமக்கு அது ஒண்ணுமே இல்ல."

பெரிய டீச்சருக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் பெஞ்சில் அந்தப் பேச்சு இன்னும் நின்றபாடில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படிப் பேசுகிற ஒரு பிள்ளையைத் தான் இரண்டாம் வகுப்பில் வைத்திருந்தது அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நாளையிலருந்து அஞ்சாப்புல உக்காரட்டும். நான் சொல்லுதேன்" என்றார் சின்னத்தாவிடம். "அவளையே கேளுங்க."

சின்னத்தா கேட்டார். தங்கை முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். சின்னத்தா அதைத் தமிழில் சொல்லவில்லை. குனிந்து அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

சின்னம்மா எழுந்தார். அந்தப் பள்ளியில் விருந்தினர் யார் கிளம்பினாலும், அவரையும் டீச்சர் என்றே அழைத்துப் பிள்ளைகள் சேர்ந்து நன்றி சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, எல்லாச் சின்னப் பிள்ளைகளும் இழுக்கும் அந்த ஒரே இழுப்பில், ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, "தேங்க்... யூ... டீச்சர்" என்று பாடியது. தங்கை வாசலுக்குப் போனவள் திரும்பி ஓடிவந்து, தன் இடத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாடினாள். துளி விலகாமல் சேர்ந்திருந்தது. முடித்துவிட்டுத்தான் போனாள்.